இந்தக் கையில் ஊசி போடாதீர்கள்: ஃபிஸ்டுலா போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு பழைய நடத்துநர் எழுதுவது

26 வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தேன், பெரும்பாலும் தேனி–மதுரை வழித்தடம். இடது கை விரல் இடுக்கில் டிக்கெட் கட்டு, இடது தோளில் தோல் பை. கிழிப்பதும் சில்லறை கொடுப்பதும் வலது கை வேலை. அந்த இடது கையின் முழங்கைக்கு மேலே இப்போது காதை வைத்தால், ஆண்டிபட்டி கணவாயில் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைக்காமல் விட்டதுபோல ஒரு உறுமல் கேட்கும். அதுதான் என் ஃபிஸ்டுலா. வாரம் 3 நாள் அதன் வழியாகத்தான் டயாலிசிஸ் நடக்கிறது. இது 8ஆவது வருடம்.

புதிதாக வருகிறவர்கள் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே வாய் ஓய்ந்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. 2 ஃபிஸ்டுலா போட்டு அதில் ஒன்றைத் தொலைத்தவன், அவ்வளவுதான். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்கிறபடியே செய்யுங்கள். ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி ரத்தத்தை வெளியே இழுத்து, வடிகட்டி, உள்ளே அனுப்புகிறது. 4 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 72 லிட்டர். உடம்பில் இருப்பதோ 5 லிட்டர் சொச்சம். அதாவது ஒரே ரத்தம் 14 டிரிப் அடிக்கிறது. நாம் நரம்பு என்று சொல்கிறோமே, ரத்தம் எடுக்கும்போது பச்சையாகத் தெரிவது, அதன் சரியான பெயர் சிரை. அதில் இவ்வளவு வேகம் கிடையாது. தமனியில் வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் ஓடுகிறது, வாரம் 6 ஊசியைத் தாங்காது. ஆகவே தமனியின் பக்கவாட்டில் ஒரு சின்ன வாய் திறந்து, பக்கத்தில் ஓடும் சிரையை வெட்டி அதன் முனையை அங்கே தைத்துவிடுகிறார்கள். இந்த இணைப்புதான் ஃபிஸ்டுலா. கண்மாய் மடையைத் திறந்துவிட்டால் வாய்க்கால் கரை அகலுமே, அதுபோல சிரை விரிந்து, சுவர் தடித்து, சில வாரங்களில் ஊசிக்குத் தயாராகிறது. தயாராவதை நாங்கள் ‘தேறிவிட்டது’ என்போம்.

இதைக் கண்டுபிடித்த கதையை எங்கள் டெக்னீஷியன் தம்பி ஒருநாள் சொன்னார். 1940களில் நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற டாக்டர் டயாலிசிஸ் மெஷின் செய்தபோது, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்ததாம். குழாய் தீர்ந்தால் வைத்தியமும் தீர்ந்தது. 1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்பவர் டெஃப்லான் குழாயைக் கையில் பொருத்தி வெளியே வைத்தார். உயிர்கள் பிழைத்தன, ஆனால் குழாய் அடைத்தது, சீழ் பிடித்தது. 1966இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து பிரெசியா, சிமினோ, அவர்களுடைய அறுவை டாக்டர் அப்பெல் ஆகியோர், பிளாஸ்டிக்கே வேண்டாம், நோயாளியின் சொந்தத் தமனியும் சிரையும் போதும் என்று எழுதினார்கள். இந்தச் சிமினோ படிக்கிற காலத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவராம். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கையைக் காப்பது

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறத் தொடங்கி, ‘ரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது’ என்று டாக்டர் சொல்கிற அன்றைக்கே ஒரு கையை ஒதுக்கிவிடுங்கள். எழுதாத, சாப்பிடாத கை. பெரும்பாலோருக்கு இடது. அன்றிலிருந்து அந்தக் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப்ஸ் ஏற்றக் கூடாது, வென்ஃப்ளான் (சிரைக்குள்ளேயே விட்டுவைக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாய்) போடக் கூடாது. ஒவ்வொரு குத்தும் சிரைக்குள் ஒரு தழும்பு. தழும்பு விழுந்த சிரை பிறகு விரிவதில்லை. மற்றக் கையிலும் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாளைக்கு அந்தக் கைதான் வேண்டும்.

நான் தொலைத்தது இந்த இடத்தில்தான். 2016இல் மணிக்கட்டில் முதல் ஃபிஸ்டுலா போட்டார்கள். டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை, கை அருமையாகத் தேறியிருந்தது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி பேதி. பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பணியில் இருந்தவர், ‘நரம்பு நன்றாகப் புடைத்திருக்கிறது’ என்று சந்தோஷப்பட்டு இடது கையிலேயே டிரிப்ஸ் ஏற்றினார். பிரஷர் பார்த்ததும் அதே கையில். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், கையை நீட்டியவன் நான்தான். ஏற்கெனவே நீர் வற்றிப் பிரஷர் இறங்கியிருந்த உடம்பு. இரவு 2 மணிக்கு மணிக்கட்டைத் தொட்டேன். அதிர்வு இல்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். ஃபிஸ்டுலா போட்ட டாக்டரிடம் போய்ச் சேர 2 நாள் ஆனது. அவர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கி, 4 மாதம் தலைக்குக் குளிக்க முடியாமல் கிடந்தேன்.

எப்போது போட்டுக்கொள்வது

சிறுநீரகத்தின் வேலைத்திறன் (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும் எண்) 15–20க்கு வரும்போது, அல்லது ஒரு வருடத்துக்குள் டயாலிசிஸ் வரும் என்று தெரியும்போதே டாக்டர்கள் பேச்சை எடுப்பார்கள். தேறுவதற்கு 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகும். எல்லா ஃபிஸ்டுலாவும் தேறுவதில்லை, முதலாவது தவறினால் இரண்டாவதற்கும் நேரம் இருக்க வேண்டும்.

நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது: ‘ஃபிஸ்டுலா போட்டால் டயாலிசிஸை நாமே கூப்பிட்ட மாதிரி.’ என் மைத்துனரே அப்படிச் சொல்லி 9 மாதம் தள்ளினார், நாட்டு மருந்தும் சாப்பிட்டார். கடைசியில் மூச்சு முட்டி, நடுராத்திரியில் கழுத்துக் குழாயோடுதான் ஆரம்பித்தார். கழுத்துக் குழாய் அவசரத்துக்கு உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது நேராக இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கிருமி ஏறினால் குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். காறை எலும்புக்கு, அதாவது கழுத்துக்குக் கீழே தோள்வரை குறுக்கே ஓடும் எலும்புக்கு, அடியில் போடுகிற குழாய் இன்னும் மோசம். அங்கே உள்ள பெரிய சிரை சுருங்கிவிட்டால் அந்தப் பக்கத்துக் கையில் பிறகு ஃபிஸ்டுலா போட்டாலும் கை வீங்கிக்கொண்டே இருக்கும்.

அறுவைக்கு முன்

டாக்டர் மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடித்து, கையை மூடித் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார். ஒரு தமனியில் பங்கு கேட்டாலும் மற்றது விரல்களுக்கு ரத்தம் கொடுக்குமா என்கிற சோதனை அது. பிறகு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். தமனி குறைந்தது 2 மில்லிமீட்டர், சிரை 2 முதல் 2.5 இருந்தால் நல்லது. ஸ்கேன் அறை ஏசியில் குளிர்ந்திருந்தால் சிரை சுருங்கித் தெரியும். கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

எந்த இடத்தில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் மணிக்கட்டிலேயே ஆரம்பிப்பார்கள். அது போனால் முழங்கையில் இடம் இருக்கிறது. முழங்கையில் ஆரம்பித்துவிட்டால் கீழே திரும்பி வருவது கடினம். முழங்கையிலும் வெளிப்பக்கச் சிரை நன்றாக இருந்தால் ஒரே அறுவையோடு முடியும். எனக்கு அதுதான். உள்பக்கச் சிரை என்றால் அது ஆழத்தில் கிடப்பதால் தூக்கி மேலே கொண்டுவர வேண்டும், பலருக்கு 2 அறுவை ஆகிறது. எந்தச் சிரையும் தேறாது என்றால் செயற்கைக் குழாய் வைப்பார்கள். 2, 3 வாரத்திலேயே ஊசி குத்தலாம் என்பது அதில் லாபம். அடைப்பதும் கிருமி பிடிப்பதும் அதிகம் என்பது நஷ்டம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, இதயம் பலவீனமா, முன்பு கழுத்திலோ தோளிலோ குழாய் போட்டிருந்தார்களா? கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே காட்டிவிடுங்கள். அனுமதி வாங்கும் வேலை அறுவை அன்று வைத்துக்கொள்கிற வேலை இல்லை.

அன்றைக்கு

மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கை முடியை நீங்களே சவரம் செய்யாதீர்கள். பிளேடு கீறலில் கிருமி புகும், தேவையானதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சாப்பிடலாமா, சர்க்கரை மாத்திரை போடலாமா என்பதை முந்தின நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள், அல்லது தோள்பக்கம் ஊசி போட்டுக் கை முழுவதையும். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. துணிக்கு அப்பால் டாக்டர் தலைமுடி அளவு மெல்லிய நூலால் தைத்துக்கொண்டிருக்கிறார், இப்பால் நான் விழித்துக்கொண்டு மின்விசிறியை எண்ணிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அவர் என் வலது கை விரலை எடுத்துக் கட்டுக்கு மேலே வைத்தார். தூங்குகிற பூனையின் வயிற்றில் கை வைத்ததுபோல ஒரு சிலுசிலுப்பு. டாக்டர்கள் இதை த்ரில் என்கிறார்கள். அந்த உணர்வை விரலில் பதியவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவரும் தொட்டுப் பழக வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. என்னைவிட அவள் விரல் துல்லியம்.

முதல் இரவு கையைத் தலையணை மேல் சற்று உயர்த்தி வையுங்கள். முழங்கையை மடக்கித் தூங்காதீர்கள். கட்டு இறுக்கமாக இருந்தால் உடனே தளர்த்தச் சொல்லுங்கள். வீக்கம் சில நாள் இருக்கும். மஞ்சள், எண்ணெய், வேப்பிலை அரைத்துப் பற்றுப் போடுவது எதுவும் வேண்டாம். பெரியவர்கள் வருத்தப்பட்டால் அந்த வேப்பிலையை வாசலில் கட்டச் சொல்லுங்கள். வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், பல வலி மாத்திரைகள் மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கும். விரல்கள் வெளுத்து அல்லது நீலம் பாய்ந்து, சில்லிட்டு, மரத்துக்கொண்டே போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். விரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா திருடிக்கொள்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

காத்திருக்கும் 6 வாரம்

புண் ஆறி, டாக்டர் சரி என்றதும் ஸ்பாஞ்ச் பந்தை அமுக்கும் பயிற்சி. அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு, 10 நிமிடம். நாளைக்கு நாலைந்து தடவை. எனக்குச் சும்மா அமுக்கச் சலிப்பாக இருந்தது. தேனியில் ஏறி ஒவ்வொரு நிறுத்தமாக மனதுக்குள் கூவிக்கொண்டு அமுக்குவேன். உசிலம்பட்டி வரும்போது கை வலிக்கும், செக்கானூரணியில் விட்டுவிடுவேன்.

டாக்டர்களிடம் ஒரு 6 கணக்கு இருக்கிறது: 6 வாரத்தில், சிரை 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம். எல்லோருக்கும் நாள் பிடித்து அப்படி வராது. ஆனால் 4, 6 வாரத்தில் கட்டாயம் போய்க் காட்டுங்கள். தேறவில்லை என்றால் எங்கோ குறுகியிருக்கும், அல்லது பக்கக் கிளை ஒன்று ரத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். பலூன் விட்டு விரிக்கலாம், கிளையைக் கட்டிவிடலாம். ‘தானாக வரும்’ என்று உட்கார்ந்திருந்து வாய்ப்பை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஊசி

முதல் ஊசியை அங்கே இருப்பவர்களில் அனுபவம் மிக்கவர் குத்தட்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மெல்லிய 17ஆம் எண் ஊசியில், குறைந்த வேகத்தில் ஆரம்பிப்பார்கள். ஊசி பிசகி ரத்தம் உள்ளே கசிந்தால் கை நீலமாக வீங்கும். அன்றைக்கு ஐஸ் வைத்து, ஃபிஸ்டுலாவுக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். வலிக்குப் பயப்படுகிறவர்களுக்கு மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு, ஒரு மணி நேரம் முன்பே தடவிக்கொள்ள வேண்டும்.

வாரம் 3 தடவை, தடவைக்கு 2 ஊசி என்றால் வருடத்துக்கு 312. அத்தனையும் ஒரே இடத்தில் விழுந்தால் என்ன ஆகும்? அந்த இடம் மட்டும் பலூன் மாதிரி புடைத்து, தோல் மெலிந்துபோகும். ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிக் குத்த வேண்டும். சிக்கல் என்னவென்றால் பழைய இடத்தில் வலி குறைவு.

“அண்ணே, போன தடவை குத்திய இடத்திலேயே போட்டுவிடட்டுமா? வலிக்காது.”

“வேண்டாம் தம்பி, 2 விரல் மேலே போ. வலித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

இந்த உரையாடல் டெக்னீஷியன் தம்பிக்கும் எனக்கும் வாரம் ஒரு தடவையாவது நடக்கிறது. கட்டிலில் ஏறுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவர்கள் துடைப்பது தனி, நீங்கள் கழுவுவது தனி. ஊசி எடுத்த பிறகு 2 விரலால் 10, 15 நிமிடம் அழுத்துங்கள். ரத்தம் நிற்க வேண்டும், அதிர்வு நிற்கக் கூடாது. அந்த அளவுக்கு அழுத்தம். நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ரத்தம் நிற்காமல் போவது 2, 3 தடவை நடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மேலே எங்கோ அடைப்பு உருவாகிறது என்பதற்கு அது ஒரு அறிகுறி.

தினமும்

காலையில் பல் விளக்கியதும் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை: பார், தொடு, கேள். சிவப்பு, சீழ், பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிர்வு இருக்கிறதா என்று தொட வேண்டும். காதை வைத்தால் உறுமல் விட்டுவிடாமல் ஓட வேண்டும். விசில் மாதிரி கீச்சென்று மாறினாலும், தொட்டால் சிலுசிலுப்புக்குப் பதில் நாடி மாதிரி டக் டக்கென்று அடித்தாலும் குறுகல் இருக்கலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் புடைத்த ஃபிஸ்டுலா வற்ற வேண்டும். வற்றாமல் விறைப்பாகவே நின்றாலும் அதே சந்தேகம்தான்.

அந்தக் கையில் கடிகாரம் வேண்டாம். கோயில் கயிறு கட்டினால் மற்றக் கையில் கட்டச் சொல்லுங்கள். குடம், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது. அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. பேரப்பிள்ளையை அந்த முழங்கையில் இடுக்கிக்கொள்ளவும் கூடாது. இதைச் சொல்லும்போது பாட்டிமார்கள் முகம் வாடிவிடுகிறது. நான் கைப்பையை வலது தோளுக்கு மாற்றிப் பழக ஒரு வருடம் ஆனது.

பிரஷர் சட்டென்று இறங்குவதுதான் ஃபிஸ்டுலாவுக்குப் பெரிய எதிரி. 2 டயாலிசிஸுக்கு இடையில் தண்ணீரை அளவில்லாமல் குடித்துவிட்டு வந்தால், ஒரே நாளில் நிறைய நீர் எடுப்பார்கள், பிரஷர் விழும், ஃபிஸ்டுலா அடைக்கும். வாந்தி பேதியும் இதே வேலையைச் செய்யும். எனக்குச் செய்தது.

2 அவசரம்

அதிர்வு நின்றுவிட்டால் மணி எத்தனையானாலும் போன் செய்யுங்கள். தேய்க்காதீர்கள், நீவாதீர்கள். அன்றைக்கே போனால் உறைந்த ரத்தத்தை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. நாள் தள்ளத் தள்ள அது குறைகிறது.

ஃபிஸ்டுலாவின் மேல்தோல் மினுமினுவென்று மெலிந்தாலோ, ஊசிப் பொருக்கு ஆறாமல் புண்ணாக நின்றாலோ அடுத்த டயாலிசிஸ் வரை பொறுக்காதீர்கள். அது வெடிக்கலாம். வெடித்தால் துண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓடாதீர்கள். துண்டு ரத்தத்தைக் குடிக்குமே தவிர நிறுத்தாது. துளை எதுவோ அதன் மேலேயே விரலை வைத்துப் பலமாக அழுத்துங்கள், படுத்துக் கையை உயர்த்துங்கள், பக்கத்தில் இருப்பவர் 108ஐக் கூப்பிடட்டும். அவர்கள் வந்து பொறுப்பேற்கும் வரை விரலை எடுக்காதீர்கள்.

சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், பழைய டிக்கெட்டை விடக் கொஞ்சம் பெரியது. ‘இடது கையில் ஃபிஸ்டுலா. ஊசி, டிரிப்ஸ், பிரஷர், ரத்தம் எடுப்பது எதுவும் இந்தக் கையில் வேண்டாம்.’ கீழே என் டயாலிசிஸ் பிரிவின் எண்ணும் மனைவியின் எண்ணும். நான் மயங்கிக் கிடந்தால் கையை நீட்டாமல் தடுக்க என்னால் முடியாது, அட்டையால் முடியும். 2 படி போட்டு லேமினேட் செய்ய 40 ரூபாய் வாங்கினார்கள். ஒன்று என்னிடம், ஒன்று மனைவியின் கைப்பையில்.